முகமூடி திரும்புகிற இடம்

சுற்றுகிறது. திரையில் அந்த முகமூடி, எனக்குத் தெரிந்து ஒரே பக்கமாகத்தான் சுற்றுகிறது. நெற்றி, மீசை, கோரைப்பல், பிறகு ஓரம், பிறகு உட்பக்கம், மூக்கு இருந்த இடத்தில் ஒரு குழி, பல் இருந்த இடத்தில் பல்லளவு பள்ளம், மறுபடி ஓரம், மறுபடி நெற்றி. இதில் என்ன கோளாறு என்று தலைகீழாக நின்று பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்த பிரிட்டோ அண்ணன், இந்த ஸ்டுடியோவின் முதலாளி, ஈரக்கையைக் கைக்குட்டையில் துடைத்தபடி என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தார். "என்ன வெயினி, முழுசா சுத்த விடுன்னா அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டி விட்டிருக்க?" என்றார். சுத்துதுண்ணே என்றேன். "எங்க சுத்துது? பாதி வரைக்கும் போயிட்டு, திரும்பி நம்ம பக்கமே வருது. தணிகைவேல் சார் சாயந்தரம் வராரு, அதுக்குள்ள சரி பண்ணிரு." பக்கத்து மேசையில் கல்யாண வீடியோ வெட்டிக்கொண்டிருந்த முபாரக் நாற்காலியோடு உருண்டு வந்தான். வந்ததுமே, "கடைசில சைபர் போட்டுட்டியா?" என்று கேட்டான். எங்கள் தொழிலில் எல்லாருமே ஒரு தடவையாவது செய்கிற தப்பு அது. ஒரு பொருள் முழுதாகச் சுற்ற வேண்டுமென்றால் முதல் புள்ளியில் சைபரும் கடைசிப் புள்ளியில் ஒரு முழுச் சுற்றும் வைக்க வேண்டும். அவசரத்தில் நடுவில் அரைச் சுற்றும் கடைசியில் சைபரும் வைத்தால், கம்ப்யூட்டர் நம் மனதில் இருப்பதையா படிக்கும், போன வழியே திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடும். இத்தனை வருடம் கழித்தும் நான் அதைச் செய்வேனா என்று எரிச்சலோடுதான் கிராஃபைத் திறந்து காட்டினேன். கீழிருந்து மேலே ஒரே நேர்கோடு, எங்கேயும் மடங்கவில்லை. முபாரக் கோட்டைப் பார்த்தான், முகமூடியைப் பார்த்தான், மறுபடி கோட்டைப் பார்த்தான். "கோடு சரியாத்தான் இருக்கு. ஆனா மூஞ்சி திரும்புதே." எந்த மூஞ்சி, எங்கே திரும்புகிறது? என் கண்ணுக்கு முன்னால் அது சட்டியைக் கவிழ்த்து நிமிர்த்துவதுபோல முதுகைக் காட்டிப் போய்க்கொண்டிருந்தது.

அந்த முகத்தைச் செய்தவள் நான். தணிகைவேல் சார் யூடியூபில் ஒரு பேய்த் தொடர் எடுக்கிறார், அதன் தலைப்புக்கு ஒரு முகமூடி இருட்டில் சுற்ற வேண்டும். அதற்காக, கட்டி முடியாத ஒரு வீட்டின் முகப்பில் தொங்கிய திருஷ்டி முகத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். சிவப்பு நாக்கு, பிதுங்கிய விழி, முறுக்கிய மீசை. முன்பக்கத்தை நெற்றிச் சுருக்கம் முதல் பார்த்துப் பார்த்துச் செய்தேன். உட்பக்கத்துக்கு நேரம் இல்லை, யார் பார்க்கப்போகிறார்கள் என்ற அலட்சியமும் இருந்தது, முன்பக்கத்து வண்ணத்தையே உள்ளுக்குள்ளும் ஓட்டிவிட்டேன். அதனால் உட்குழிவிலும் விழி இருக்கிறது, மீசை இருக்கிறது, நாக்கு இருக்கிறது, எல்லாம் உள்வாங்கி இருக்கிறது. அவ்வளவுதான் சங்கதி, இதில் மாயமும் இல்லை மந்திரமும் இல்லை. முபாரக் பேனாவைத் திரையருகே பிடித்துக் காட்டினான், இந்தா போகுது, இந்தா போகுது, இந்தா நின்னுச்சு, இந்தா வருது பாரு. பேனா வலப்பக்கம் போய் இடப்பக்கம் திரும்பியது. அவன் பேனா திரும்பிய நேரத்தில் என் முகமூடி திரும்பவில்லை. சரி, இவர்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு என்னை ஓட்டுகிறார்கள் என்று முடிவு செய்தேன், போன மாதம்கூட என் மவுஸுக்கு அடியில் டேப் ஒட்டி வைத்த ஆட்கள்தானே. அப்போதுதான் சின்னப்பொண்ணு அக்கா டீ கொண்டுவந்தார். இங்கே கூட்டிப் பெருக்கி டீ வாங்கி வைக்கிறவர், யாரோடும் சேர்ந்து விளையாடுகிற ஆள் இல்லை. டம்ளரை வைத்தவர் திரையைப் பார்த்து அப்படியே நின்றார். "ஆத்தாடி, கண்ண எடுக்காமப் பாக்குது." ரெண்டடி நகர்ந்தார். "நான் நகந்தா கூடவே வருதும்மா. இதப் போயி எதுக்குச் செய்யிற?" முதுகைக் காட்டும்போது என்ன தெரியுதுக்கா என்று கேட்டேன். "முதுக எங்க காட்டுது?" என்றார். டீயில் ஆடை படர்ந்துவிட்டது, குடிக்கத் தோன்றவில்லை.

மாடிப்படி வளைவில் போய் நின்று போனில் தேடினேன். கீழே டயர் கடையில் ஒரு சக்கரத்தை எந்திரத்தில் மாட்டிச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள், சுழல்வதை இன்னும் எத்தனை இடத்தில்தான் பார்ப்பது என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். தேடினால் கிடைக்காதது எது. இது ரொம்பப் பழைய சங்கதியாம். முகமூடியின் குழிந்த பக்கத்தைப் பார்க்கிற மனிதருக்கு அது குழிவாகத் தெரியாது, புடைத்த முகமாகத்தான் தெரியும், குழிவு என்று தெரிந்திருந்தாலும் தெரியாது, விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு வந்தாலும் தெரியாது. பிறந்ததிலிருந்து புடைத்த முகங்களையே பார்த்த மூளை, கண் சொல்வதைக் கேட்காமல் தானாக ஒரு முகத்தைக் கட்டிக்கொள்கிறது. அதனால்தான் சுற்றுவது திரும்புவதாகத் தோன்றுகிறது. அப்பாடா என்று இருந்தது, கோளாறு என் கோட்டில் இல்லை. அடுத்த பத்தியையும் படித்திருக்க வேண்டாம். சிலருக்கு மட்டும் அது ஏமாற்றாது, குழிவு குழிவாகவே தெரியும் என்று எழுதி, அந்தச் சிலர் யார் என்றும் எழுதியிருந்தது. மனச்சிதைவு என்ற வார்த்தையை நான் போன் திரையில் முதன்முதலாகப் பார்க்கவில்லை, அரசு மருத்துவமனைச் சீட்டில் என் கூடப்பிறந்த அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். தூக்கம் கெட்டவர்களுக்கும் குடித்தவர்களுக்கும்கூட அப்படித் தெரியலாம், இதை வைத்து எதையும் முடிவு கட்டக்கூடாது என்றும் கீழே போட்டிருந்தது. நான் குடிப்பதில்லை. நேற்று நன்றாகத்தான் தூங்கினேன், கொசுகூட இல்லை. தூங்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன்.

வழுதி அண்ணன். அப்பாவுக்குத் தமிழ்ப் பைத்தியம், மின்வாரியத்தில் மீட்டர் பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்கு வழுதி, இளவெயினி என்று பெயர் வைத்தார், பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியாரும் ஒழுங்காகக் கூப்பிட்டதில்லை. அண்ணன் பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தான், கெட்டிக்காரன், வீட்டில் மிக்சி, ரேடியோ எது ரிப்பேரானாலும் பிரித்துப் போட்டுவிடுவான். ஒரு நாள் எல்லாரும் தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது டிவியில் செய்தி வாசித்த பெண்ணைக் காட்டி, அந்தப் பொண்ணுக்கு முன்பக்கம் மட்டும்தான் இருக்கு என்றான். சாதாரணமாகச் சொன்னான், சட்னியில் உப்புக் குறைவு என்பதுபோல. அம்மா சிரித்தாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரர், பிறகு பஸ் கண்டக்டர், பிறகு அப்பா. எல்லாருமே முகத்தை மாட்டிக்கொண்டு வருகிறார்கள், உள்ளே குழியாக இருக்கிறது, நான் பார்த்துவிட்டேன் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்றான். மூன்று நாள் அறையைத் திறக்கவில்லை. நாலு பேர் சேர்ந்து வேனில் ஏற்றும்போது அவன் கத்தவில்லை, அம்மா முகத்தை மட்டும் தொட்டுத் தொட்டுப் பார்த்தான், பின்பக்கமாகக் கையைக் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தான். அப்பா பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று மேடை போட்டுப் பேசியவர், அந்த வாரம் யாரிடமும் சொல்லாமல் வாசலில் ஒரு திருஷ்டி முகத்தைத் தொங்கவிட்டார். அதை நினைத்தால் எனக்கு அண்ணனைவிட அப்பாவை நினைத்துத்தான் அழுகை வரும். இப்போது அப்பா இல்லை. அண்ணன் மாத்திரை சாப்பிடுகிறான், திருநகரில் அம்மாவோடு இருக்கிறான், ஒரு விதைக்கடைக்கு வேலைக்குப் போகிறான், கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறான், வழுதி நல்லாயிட்டான் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். அவனுக்கு ஆரம்பித்த வயதை நான் போன ஆடியோடு தாண்டிவிட்டேன். தாண்டிவிட்டேன் என்று யாரிடமும் சொல்லாமல் நானே ஒரு ஐஸ்கிரீம் வாங்கித் தின்றேன். தாண்டுவதற்கு அது என்ன வாய்க்காலா?

திரும்ப வந்து உட்கார்ந்தேன். பார், நன்றாகப் பார், உனக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரிவது உனக்குத் தெரியாமல் போகுமா. ஒரு கண்ணை மூடிக்கொண்டால் இன்னும் நன்றாக ஏமாறலாம் என்று அந்தப் பக்கத்தில் போட்டிருந்தது, ஒரு கண்ணை மூடினேன். ஏமாறுவதற்கு இப்படி முயற்சி செய்கிற ஒருத்தியை நான் பார்த்ததில்லை. தள்ளி நின்று பார்த்தேன், வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தேன், வேகத்தைக் குறைத்தேன். குழிதான், குழிதான், விழி உள்ளே போய் ஒட்டிக்கொண்ட குழி. நான்தான் செய்தேன், அதனால் தெரிகிறது, சமைத்தவளுக்குப் பசிக்காததுபோல, என்று சொல்லிப் பார்த்தேன். தெரிந்திருந்தாலும் தெரியாது என்றுதான் எழுதியிருந்தது. கதவுப்பக்க அலமாரியில் எங்கள் ஹெல்மெட்டுகள் வரிசையாக இருக்கின்றன, வாய் திறந்து எங்களைப் பார்த்தபடி. எனக்கு அவை வெறும் ஓட்டைகள். மற்றவர்களுக்கு? இத்தனை நாள் இந்த அறைக்குள் நுழைகிறபோதெல்லாம் முபாரக் என்ன பார்த்தான்? கரண்டியின் உட்பக்கம், இட்லித் தட்டின் குழி, செருப்பில் பதிந்த கால் தடம், இதெல்லாம் மற்றவர்களுக்கு எப்படி இருக்கும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லையே. யாராவது கேட்பார்களா? நான் பச்சை என்பதும் அவர்கள் பச்சை என்பதும் ஒன்றுதான் என்று ஒரு நம்பிக்கையில் காலம் ஓடிவிட்டது. எப்போதிருந்து இப்படி? பிறந்ததிலிருந்தா, போன வாரத்திலிருந்தா? பிறந்ததிலிருந்து என்றால் பரவாயில்லை, சிலருக்கு இடதுகைப் பழக்கம்போல இதுவும் ஒரு வாகு என்று விட்டுவிடலாம். போன வாரத்திலிருந்து என்றால்? முபாரக் அந்தப்பக்கம் திரும்பி வேலை செய்துகொண்டிருந்தான். அவனுடைய பிடரியைப் பார்த்தேன். வெட்டிவிட்ட முடி, காலர் அழுக்கு, ஒரு மச்சம். பின்தலை சரியாகத்தான் இருந்தது, உருண்டையாக. ஆனால் அந்தப்பக்கம்? அந்தப்பக்கம் முகம் இருக்கிறது என்று இப்போது எனக்கு எப்படித் தெரியும்? பேனா காட்டியபோது பார்த்தேன், இருந்தது. அப்போது முன்பக்கம் மட்டும் பார்த்தேன், இப்போது பின்பக்கம் மட்டும் பார்க்கிறேன், இரண்டும் ஒட்டியிருக்கிறது என்று நான்தான் கணக்குப் பண்ணிக்கொள்கிறேன். அவன் மெதுவாகத் திரும்பினால் உள்ளே குழிவாக, காது இரண்டும் விளிம்பாக, மீசை அடியில் ஒட்டிக்கிடக்க. என் கை அவன் தோளை நோக்கிப் போவதை நானே பார்த்தேன். இது அண்ணனின் கை, வேன் கதவருகே அம்மா முகத்துக்குப் போன அதே கை. இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். முபாரக் திரும்பினான். மூக்கு முன்னால்தான் இருந்தது. "என்ன, ஜுரமா? ஒரு மாதிரி இருக்க?" ஒன்னுமில்ல, ஏசி ஜாஸ்தியா இருக்கு என்றேன்.

யாரிடம் கேட்பது. டாக்டரிடம் போகலாம், போக வேண்டும்தான், போனால் முதல் கேள்வி குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்பதுதான், அதற்குப் பிறகு நான் என்ன சொன்னாலும் அவர் தலையாட்டுகிற விதமே வேறாக இருக்கும். அம்மாவிடம் சொல்ல முடியாது, ஒரு பிள்ளையை வேனில் ஏற்றியவள். கடைசியில் முகமூடி சுற்றுவதைச் சின்ன வீடியோவாக எடுத்து வழுதி அண்ணனுக்கே அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் பயந்தேன், நல்லாயிட்ட ஆளுக்கு இதையா அனுப்புவது, இவளுக்கு அறிவு இருக்கிறதா என்று என்னையே திட்டிக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினேன். அழிப்பதற்குள் அவனே கூப்பிட்டுவிட்டான். கடை சத்தம் கேட்டது, யாரோ வெண்டைக்காய் விதை கேட்டார்கள். "சொல்லு பாப்பா. நீ பண்ணதா? பல்லெல்லாம் நல்லா வந்திருக்கே."

"அண்ணே, அது எப்படிச் சுத்துது?"

"எப்படின்னா? சுத்துது. மூஞ்சி வருது, அப்பறம் உள்பக்கம் வருது." வீடியோவை மறுபடி ஓட்டினான் போல. "உள்ளுக்குள்ளயும் பெயிண்ட் அடிச்சிட்ட போல."

படியில் உட்கார்ந்தேன். கீழே சக்கரம் நின்றிருந்தது. "இங்க எல்லாருக்கும் அது திரும்பிப் பாக்குற மாதிரி தெரியுதாம்ணே. உள்பக்கமே தெரியலயாம்." விதைக்கடைச் சத்தம் குறைந்தது, வெளியே வந்துவிட்டான் போல. "உனக்கு?" என்று கேட்டான். இல்லை, எனக்கும் திரும்புது என்று சொல்ல வாயெடுத்தேன், அவனிடம் மட்டும் பொய் வரவில்லை. "எனக்கும் உள்பக்கம்தான்ணே தெரியுது."

"எனக்குச் சந்தோசமா இருக்கு பாப்பா," என்றான். பிறகு அவசரமாக, "அப்படி இருக்கக் கூடாதுல்ல? தப்புத்தான். ஆனா இருக்கு. இத்தன வருசமா ஒருத்தர்கூட..." என்று நிறுத்திக்கொண்டான். அண்ணே, உனக்குத்தான் சரியாயிருச்சே, மாத்திரை சாப்பிடுறியே என்றேன். "சாப்புடுறேன். பயம் போயிருச்சு, தூக்கம் வருது, நல்ல மாத்திரதான். பாக்குறது மட்டும் மாறல." யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டேன். "யார்ட்ட சொல்ல? சொன்னா அம்மா மறுபடி அழும். நான் ஒன்னு பண்ணுவேன். மத்தவங்க என்ன பாக்குறாங்கன்னு கவனிச்சு வச்சுக்குவேன். கேட்டா அதச் சொல்லிருவேன். அவங்க பயந்தா பயப்படுவேன். மொதல்ல கஷ்டமாத்தான் இருக்கும், அப்பறம் பழகிரும்." ஒரு லாரி போனது, அவன் காத்திருந்தான். "நீ டாக்டரப் பாரு, பாக்காம இருக்காத. ஆனா ஆபீஸ்ல யார்ட்டயும் சொல்லிராத. எந்த எடத்துல திரும்புதுன்னு கேட்டு வச்சுக்க." யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். இந்தா வரேன்ணே என்று அவர்களுக்குக் குரல் கொடுத்தான், நன்றாயிருக்கிற ஒரு மனிதனின் குரல், எல்லாரும் நம்புகிற, நானும் நம்பியிருந்த குரல். போனை வைத்துவிட்டான்.

படியிலேயே இருந்தேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அவன் பந்தி பரிமாறியது, தீபாவளிக்கு எனக்குச் சுடிதார் எடுத்துக் கொடுத்து இந்தக் கலர் உனக்கு எடுப்பா இருக்கு என்றது, அம்மாவோடு உட்கார்ந்து சீரியல் பார்த்தது, எல்லாவற்றையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன், எதிலும் ஒரு தையல்கூடத் தெரியவில்லை. அம்மாவின் முகத்தைத் தினமும் எதிரே வைத்துக்கொண்டு சோறு சாப்பிடுகிறானே, அது அவனுக்கு என்னவாகத் தெரிகிறது என்று கேட்காமல் விட்டுவிட்டேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். இரண்டு காரணத்துக்காக எனக்குப் பயமாக இருந்தது, ஒன்று அவனைப்போல ஆகிவிடுவேனோ என்று, இன்னொன்று அவன் அளவுக்கு என்னால் முடியாதே என்று. ஏறி உள்ளே வந்து முபாரக்கிடம், சும்மா கேட்பதுபோல, சரியா எந்த எடத்துலடா திரும்புது, குறிச்சுக்கிட்டா சரி பண்ணலாம்ல என்றேன். அவன் உற்சாகமாகிவிட்டான், யாருக்காவது ஒன்றைச் சொல்லிக்கொடுப்பதென்றால் அவனுக்கு அல்வா. "ஓரமா மெலிஞ்சு கோடு மாதிரி ஆகுதுல்ல, அங்கன. காது தாண்டுனதும் மூஞ்சி சட்டுன்னு இங்கிட்டு வந்துருது. வந்து ரெண்டு கண்ணும் உன்னையவே பாக்கும். பாத்துக்கிட்டே அங்கிட்டுப் போகும்." மூக்கு எப்படி இருக்கும் என்றேன். "எப்படி இருக்கும்? மூக்கு மாதிரி இருக்கும். கொஞ்சம் பெருசா, நம்ம மேல வந்து இடிக்கிற மாதிரி." மனதில் ஏற்றிக்கொண்டேன், காது, கோடு, இங்கிட்டு, கண், இடிக்கிற மூக்கு. பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுளைக்கூட இத்தனை கவனமாகப் படித்ததில்லை.

தணிகைவேல் சார் நேரத்துக்கே வந்துவிட்டார். பிரிட்டோ அண்ணன் முந்திக்கொண்டு, சின்ன கரெக்ஷன் இருக்கு சார், சுத்துறது கொஞ்சம் ஆடுது என்று ஆரம்பித்தார். சார் கையமர்த்தினார். திரைக்கு முன்னால் கைகட்டி நின்று இரண்டு சுற்று பார்த்தார், இரண்டடி இப்படி, இரண்டடி அப்படி, சின்னப்பொண்ணு அக்கா செய்ததைப்போலவே. "இத மாத்தாதீங்க," என்றார். "யாரு பண்ணது? நீங்களாம்மா? எந்த எடத்துல திரும்புதுன்னே பிடிபடல." எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். திரையில் முகமூடி ஓரம் காட்டி, உட்பக்கம் திறந்து, மூக்கின் குழியோடு என் முன்னால் நிதானமாகக் கடந்துகொண்டிருந்தது. "காது தாண்டுற எடத்துல சார்," என்றேன். "கோடு மாதிரி ஆகும் பாருங்க, அங்கதான் நம்ம பக்கம் வந்துரும். மூக்கு கிட்டக்க வந்து இடிக்கிற மாதிரி இருக்கும்." கரெக்ட், கரெக்ட் என்றார். "செய்யிறப்ப உங்களுக்கே பயமா இல்லையா?" பயமாத்தான் சார் இருக்கு, நம்மளையே பாக்குதுல்ல என்றேன். பிரிட்டோ அண்ணன், பேயவே பயமுறுத்துற பொண்ணு சார் இது என்றார். அவர்கள் சிரிக்கத் தொடங்கியதைப் பார்த்துவிட்டு நானும் சிரித்தேன்.